மூன்று பட்டங்களும் ஒரு மொறிஸ் மைனரும்

எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். வழவழப்பான அட்டை, அதில் முப்பது வருடத்துக்கு முந்திக் கோட்டுப் போட்டு எடுத்த படம், உள்ளே தேவாரம், அதன் பிறகு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் எண்சீர் விருத்தத்தில் கட்டிய புகழ்மாலை. அந்த விருத்தத்துக்குள் நுழைந்தால் கடன்காரன் கர்ணன் ஆவான். ஊரோடு வழக்காடியவன் சாந்தசொரூபி ஆவான். மனைவியே வாசித்துவிட்டு, ஆள் மாறி அடித்துவிட்டார்களோ என்று அட்டைப் படத்தை இன்னொரு தரம் பார்ப்பாள்.

2001 இல் என் பெரியப்பா போனபோது அவருக்கும் ஒரு கல்வெட்டு வந்தது. அதில் மூன்று பட்டங்கள்: குடும்பமே கோயிலெனக் கொண்ட உத்தமர், இரண்டாம் உலகப் போரின் வீரர், மோட்டார்ப் பந்தய விற்பன்னர். கனடாவிலிருந்து மூத்த மகன் அனுப்பிய தொலைநகலைப் பார்த்து வாத்தியார் எழுதினார். பெரியம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் புத்தகம் இரண்டு மடங்கு தடித்திருக்கும். பாதியை அச்சகக்காரர் அடிக்க மறுத்திருப்பார். அவர்கள் கேட்காததை நான் கேட்டேன். பின்னேரத் தேத்தண்ணீரோடு, வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் இருந்து, பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். நான் கண்ணால் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பா பிறந்தது கொட்டாஞ்சேனையில், 1921 இல். ஒரு பக்கம் சாந்த லூசியா தேவாலயத்து மணி, மறுபக்கம் சிவன்கோயில் மணி, நடுவில் துறைமுகத்துச் சங்கு. மூன்றும் சேர்ந்து எழுப்பினாலும் காலையில் எழும்பாத பிள்ளை. அவரை எழுப்பியது கிராண்ட்பாஸ் டிராம் வண்டிதான். கொழும்பில் 1899 இல் ஓடத் தொடங்கிய அந்த மின்சார டிராம்தான் அவர் காதலித்த முதல் வாகனம். பதினாலு வயதில் மணிக்கூலிக்கு ஒரு சைக்கிள் எடுத்து அதோடு போட்டிக்கு ஓடினார். வென்றார். இந்த வெற்றியைக் கல்வெட்டு, 'இளமையிலேயே பந்தயங்களில் வாகை சூடியவர்' என்று பன்மையில் பதிந்திருக்கிறது. தண்டவாளத்தின் நடுவே ஒரு மாடு படுத்துக்கொண்டதால் டிராம் நின்றுபோனதை வாத்தியார் எதுகை கிடைக்காமல் விட்டிருக்கலாம். எப்படியோ, பெரியப்பா தம் வாழ்நாளில் கலந்துகொண்ட ஒரே பந்தயம் அதுதான். பிறகு எண்பது வயது வரை அவர் பார்த்தவர் மட்டுமே.

இனிப் போர்.

1941 இல் இலங்கைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார். நாட்டுப்பற்று, நாசி எதிர்ப்பு என்றெல்லாம் கல்வெட்டு சொல்கிறது. பெரியம்மா சொன்னது இது: 'இலவசமாக லொறி ஓடப் பழக்கினம் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். சேர்ந்துட்டார்.' லொறி ஓடப் பழகினார். ஹிட்லரைப் பற்றி அதற்கு மேல் அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே ஜப்பானியத் தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே வந்துவிட்டார். முதல்நாளே கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் போன கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சோல் அந்தக் கப்பல்களைக் கண்டு, தன்னைச் சுட்டு விழுத்துவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டார். அப்படியிருந்தும் காலையில் ஜப்பான் விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் இரத்மலானையில் ஆட்கள் விமானங்களை நோக்கி ஓடினார்கள். சொல்லிவிட்டு வந்தாலும் ஆயத்தமில்லாமல் நிற்பது இந்த நாட்டு நிர்வாகத்துக்கு அன்றே கைவந்த கலை.

கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலையும் அப்போது ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். பணக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு குதிரைக்குப் பணம் கட்டிய இடத்திலிருந்து ஹரிகேன் சண்டை விமானங்கள் எழும்பின. அந்தத் திடல் விமானத்தளம் ஆன சங்கதி ஜப்பான்காரனுக்குத் தெரியாது. அதனால் 258 ஆவது படையணியின் 14 விமானங்களும் தடையில்லாமல் மேலே போயின. அவற்றில் 9 விழுத்தப்பட்டன. துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஹெக்டர், டெனிடோஸ் என்ற கப்பல்கள் போயின. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் விழுந்தது.

அன்று பெரியப்பா எங்கே? 'ரேஸ்கோர்ஸ் களத்தில், எதிரியின் குண்டுமழை நடுவே' என்கிறது கல்வெட்டு. ஜப்பான்காரனுக்கே தெரியாத களத்தில் அவன் எப்படிக் குண்டு போடுவான் என்று வாத்தியார் யோசிக்கவில்லை. உண்மையில் பெரியப்பா மருதானையில், தன் லொறிக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தார். சத்தம் அடங்கிய பிறகு தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பி, ஏற்றி வந்த சாமானுக்குச் சேதமோ என்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே முழுக்கப் பெற்றோல் பீப்பாய்கள். கொழும்பு நகரத்திலேயே ஒளியக்கூடாத இடம் ஒன்று இருந்தால், அதைத் தேடிப்பிடித்து அதற்குக் கீழே ஒளிந்திருந்தார். அதன் பிறகுதான் கால் நடுங்கத் தொடங்கியது என்று அவரே பெரியம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நாட்களில் கொழும்பே மூட்டை கட்டியது. கொட்டாஞ்சேனை வீட்டையும் பூட்டிவிட்டு எல்லோரும் யாழ்ப்பாண ரயிலில் ஏறினார்கள். போருக்குள் நின்ற பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருக்கும் என நினைத்துப் பிரித்தார். பூனைக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லி இருந்தது. போர் முடியும்வரை அவர் தவறாமல் நிறைவேற்றிய ஒரே கட்டளை அதுதான்.

அதே வருடம் மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையாட்கள் சிலர் தங்கள் அதிகாரிக்கு எதிராக எழும்பினார்கள். கிரேஷியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் அந்த மூவர் மட்டுமே. எதையும் பகிடியாக்கும் பெரியப்பா இந்தக் கதை வந்தால் மட்டும் எழும்பி உள்ளே போய்விடுவார். போர்வீரர் என்று தன்னை யாரும் அழைத்தால் அவருக்குக் கூச்சமாக இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பெரியம்மாவின் கணிப்பு.

கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி, அவர் 'மவுண்ட்பேட்டன் பிரபுவின் வாகனத் தொடரில் பணியாற்றியவர்' என்பது. 1944 இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தது சரித்திரம். பெரியப்பா கண்டிக்கு அரிசி ஏற்றிப் போனதும் சரித்திரம். கடுகண்ணாவை ஏற்றத்தில் அவருடைய லொறி கொதித்து, நடுத்தெருவில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் ஹோர்ன் சத்தம், மோட்டார் சைக்கிள், கொடி கட்டிய கார், சிவந்த முகத்தோடு இறங்கி வந்த ஒரு அதிகாரி. ஆகவே வாகனத் தொடரில் அவர் இருந்தது மெய். முன்னுக்கு, வழியை மறித்துக்கொண்டு இருந்தார்.

போர் முடிந்தபோது உலகமெங்கும் இரண்டு சங்கதிகள் மிஞ்சின: யாருக்கும் வேண்டாத ஓடுபாதைகளும், வீட்டில் இருக்க முடியாத இளந்தாரிகளும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க அதிக காலம் செல்லவில்லை. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்ற குண்டுவீச்சு விமானத்தளம் வெறுமனே கிடந்தது. 1947 இல் மொறிஸ் ஜியோகெகன் என்பவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் அங்கே கார்ப் பந்தயம் வைத்தார். ஓடுபாதையில் மேய்ந்த செம்மறி ஒன்றில் அவருடைய காரே மோதியது. ஆடும் போச்சு, காரும் போச்சு. ஆட்டிறைச்சிக் கிராண்ட் பிறீ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் பிரித்தானிய கிராண்ட் பிறீ நடந்தது. உலகத்தின் பெரிய பந்தயத் திடல்களில் ஒன்றுக்குத் திறப்புவிழா செய்தது ஒரு செம்மறி என்பதைப் பெரியப்பா எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை. பந்தியில் ஆட்டுக்கறி இருந்தால் இரண்டு தரம் சொல்லுவார்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால ஓடுபாதை பந்தயத் திடலானது. இலங்கையில் களுத்துறைக்கு அப்பால், பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காகப் போட்ட கட்டுக்குருந்த ஓடுபாதையில் கார்கள் ஓடத் தொடங்கின. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இலிருந்தே இருந்தது. தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் ஒவ்வொரு காராக விட்டு, மேலே போய்ச் சேர எத்தனை செக்கன் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு இதைப் பார்ப்பது துரைமாரின் பொழுதுபோக்கு. காரும், பெற்றோலும், தோட்டமும் அவர்களுடையவை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதற்கு மட்டும் காசு தேவையில்லை. பெரியப்பாவின் பந்தய வாழ்க்கை முழுவதும் கயிற்றுக்கு இந்தப் பக்கந்தான் நடந்தது.

1950 இல் கலியாணம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் வாடகை வீடு. வேலை பஞ்சிகாவத்தையில், கார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் கணக்கெழுத்து. கொழும்பில் எந்தக் கார் எங்கே உடைந்தாலும் கடைசியில் பஞ்சிகாவத்தைக்குத்தான் வந்து சேரும். ஆகவே அவருக்கு அது சுவர்க்கம். 1957 இல் பல கை மாறிய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். ஒரு கதவு இந்தக் காரிலிருந்து, பொனற் இன்னொரு காரிலிருந்து, ஹோர்ன் ஏதோ லொறியிலிருந்து. அந்த ஹோர்னை அடித்தால் தெகிவளையில் மாடு கத்தும் என்பார் பெரியம்மா.

கல்வெட்டு, 'பிள்ளைகளைத் தினமும் தாமே பாடசாலைக்கு அழைத்துச் சென்ற தந்தை' என்று பாடுகிறது. அழைத்துச் சென்றார். எப்படி என்பதுதான் கதை. 1955 இல் இத்தாலியில் மில்லே மில்யா என்ற பந்தயம். ஊர்த் தெருக்களில் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். ஸ்ரேர்லிங் மொஸ் பென்ஸ் காரை ஓட்ட, டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர் பக்கத்தில் இருந்து, முன்கூட்டியே எழுதிய நீண்ட காகிதச் சுருளைப் பிரித்துப் பிரித்து, அடுத்த வளைவு எப்படி என்று கையால் சைகை காட்டினார். 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் முடித்தார்கள். காலை 7.22 க்குப் புறப்பட்டதால் காரின் இலக்கம் 722. இதை ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்த நாளிலிருந்து பெரியப்பாவுக்குப் பித்து. காரை வாங்கிய அடுத்த கிழமையே, கடையில் எறிந்த கணக்குக் கடதாசிச் சுருளில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பாடசாலை வரை வழிக் குறிப்பு எழுதினார். பெரியம்மாவை இடப்பக்கச் சீற்றில் ஏற்றி, சுருளைக் கையில் கொடுத்தார். சரியாக 7.22 க்குக் கார் புறப்பட வேண்டும். பிள்ளைகள் பல்லுத் தீட்டாவிட்டாலும் 7.22.

அந்தச் சுருளில் ஒரு துண்டை பெரியம்மா வைத்திருந்தார்; நான் பார்த்தேன். பென்சில் எழுத்து. 'சந்தை - இடப்பக்கம் மரக்கறிக் கூடை, கவனம். சவோய் தியேட்டர் - எம்ஜிஆர் படம் என்றால் சனம். கால்வாய்ப் பாலம் - மேடு, பிள்ளைகள் தலையைப் பிடிக்கவும். பஸ் நிறுத்தம் - 100 ஆம் இலக்க பஸ் சைகை காட்டாது.' முதல் நாள் பெரியம்மா சந்தை வரை ஒழுங்காக வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, 'இஞ்சாருங்கோ, உங்க கத்தரிக்காய் மலிவாக் கிடக்கு, நிப்பாட்டுங்கோ' என்றார். பந்தயச் சரித்திரத்தில் கத்தரிக்காய்க்காகக் கார் நிறுத்தியவர்கள் இவர்கள் மட்டுந்தான். பதினைந்து நிமிடப் பயணம் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிள்ளைகளுக்குப் பிரம்படி. மாலையில் பெரியப்பா நிறுத்தற்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: 'வளைவுகளில நல்லாத்தான் போனனாங்கள்.'

கட்டுக்குருந்தக் கதை இதைவிட விசேஷம். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பாவுக்குக் களுத்துறையில் ஏதாவது அலுவல் வந்துவிடும். காரை எடுத்தால் சந்தேகம் வரும். ஆகவே கார்ப் பந்தயம் பார்க்கக் காரை வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளவத்தை ஸ்ரேசனில் ரயில் ஏறுவார். கடலோரமாகப் போய்க் கட்டுக்குருந்தவில் இறங்கி, வெயிலுக்குத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கயிற்றோரம் நிற்பார். வரும்போது மங்குஸ்தான் ஒரு பை. களுத்துறை மங்குஸ்தானுக்குப் பேர்போன இடம், நல்ல ஆதாரம். டிசம்பர் மாதத்தில் மங்குஸ்தான் காய்க்காது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. பருவம் தப்பிய நாட்களில் கோட்டைக்குப் போய்ப் பழக்கடையில் தோடம்பழம் வாங்கிவந்து, களுத்துறைத் தோடம்பழம் என்று நீட்டுவார்.

ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்தது பழமில்லை, மணம். அந்தக் காலப் பந்தயக் கார்களுக்கு ஆமணக்கெண்ணெய் சேர்ந்த எஞ்சின் ஒயிலை ஊற்றுவார்கள். எஞ்சின் சூடேறினால் அது எரிந்து ஒரு தித்திப்பான புகை வரும். பந்தயப் பைத்தியங்களுக்கு அதுதான் சாம்பிராணி. அந்தப் புகை துவாயில், சேட்டில், தலைமயிரில் எல்லாம் ஏறியிருக்கும். பெரியம்மாவோ மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பிடித்து ஆமணக்கெண்ணெய் பருக்குகிறவர். ஒரு முறை மூக்கை உறிஞ்சியதும் பிடித்துவிட்டார். சேட்டைத் தோய்க்கப் போட்டுக்கொண்டே கேட்டாராம்: 'களுத்துறையில இண்டைக்கு ஆருக்குப் பேதி குடுத்தனீங்கள்?'

பெரியப்பா அன்று பதில் சொல்லவில்லை. பெரியம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை. 'ஏன் பெரியம்மா விட்டனீங்கள்?' என்று கேட்டேன். 'வேற மணம் வந்தாத்தானே பயப்பிட வேணும்' என்றார்.

சோழவரத்துக்கும் ஒருமுறை போனார்கள். அறுபதுகளின் தொடக்கம், அப்போது கோட்டையில் ரயில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, பிறகு மறுபடி ரயிலில் எழும்பூர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை கொழும்புத் தமிழருக்குச் சென்னை அவ்வளவு பக்கம். பெரியம்மாவிடம் சொல்லப்பட்டது வடபழனி முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று. போய் இறங்கிய பிறகுதான் சோழவரத்திலும் ஒரு சக்திவாய்ந்த தெய்வம் இருப்பதாகப் பெரியப்பா தெரியப்படுத்தினார். காஞ்சிபுரம் பட்டுச் சேலையோடு, பூசைத் தட்டும் கையுமாகப் பெரியம்மா பந்தயத் திடலில் போய் இறங்கினார். மூலஸ்தானம் எங்கே என்று வாசலில் நின்றவரிடம் விசாரித்தும் இருக்கிறார். பிறகு தட்டிலிருந்த வாழைப்பழத்தை இருவரும் உரித்துத் தின்றுகொண்டு பின்னேரம் வரை பார்த்தார்களாம். 'சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஓட்டம்' என்றார் பெரியம்மா. இதைக் கல்வெட்டு, 'தம்பதியராய்த் தல யாத்திரை செய்தவர்' என்று ஒரு சீரில் முடித்துவிட்டது.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் பற்றிக் கல்வெட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரியப்பா தன் வாழ்நாளில் மிக நன்றாகக் கார் ஓட்டியது அப்போதுதான்.

ஜூலை 25, திங்கட்கிழமை வெள்ளவத்தை எரிந்தது. அன்றிரவு முழுவதும் எங்களைப் பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் தங்கள் சாமான் அறையில் வைத்திருந்தது. மறுநாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தது. தூரம் இரண்டு கிலோமீற்றர் வராது. இடையில் கால்வாய்ப் பாலம். பெரியப்பாவுக்கு அப்போது 62 வயது. காரில் பெரியம்மா, அக்காமார் இருவர், பக்கத்து வீட்டு ஆச்சி, நான். எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் பின்னுக்குக் குனிந்து, மேலே படுக்கை விரிப்பு. பெரியம்மா பொட்டை அழித்துவிட்டு முன்னால் இருந்தார்.

அவர் பறப்பார் என்று நான் நினைத்தேன். வாழ்நாள் முழுவதும் அந்தச் சந்தர்ப்பத்துக்குத்தானே ஒத்திகை பார்த்தார். ஆனால் கார் ஊர்ந்தது. மணிக்கு 10 மைல்கூட இருக்காது. ஒரு கையை வெளியே தொங்கவிட்டு, மரக்கறி வாங்கப் போகிறவர் போல ஓட்டினார். 'கெதியாப் போங்கோ' என்று ஆச்சி விரிப்புக்குள் இருந்து முனகினார். 'ஓடினாக் கலைப்பாங்கள்' என்று மட்டும் சொன்னார். இரு பக்கமும் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. பாலத்துக்கு முன்னால் கலவரக்காரர்கள் மறித்தார்கள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவருக்குச் சிங்களம் தாய்ப்பால் மாதிரி. அதிலும் துறைமுகத்துச் சிங்களம். அவர்களுக்கு வேண்டியது பெற்றோல். வீடு கொளுத்த வருகிற போகிற வாகனங்களிலெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தானே இறங்கி, தாங்கியின் மூடியைத் திறந்து, றப்பர்க் குழாயை எப்படி வைத்தால் நன்றாக இழுக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். விரிப்புக்குள் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உறிஞ்சியவனுடைய வாய்க்குள் பெற்றோல் போய்விட, தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி அவனுக்கு அறிவுரை வேறு. வந்த வேலை முடிந்த சந்தோசத்தில் பின் சீற்றை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் தன் சீற்றுக்குக் கீழே கையை விட்டார். ஒரு சாராயப் போத்தல். உள்ளே பெற்றோல். பந்தயக்காரர் எப்போதும் ஒரு போத்தல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். வருடக்கணக்காகப் பெரியம்மா அந்தப் போத்தலுக்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறார். அதை ஊற்றிக் காரைக் கிளப்பினார். அதே 10 மைல். கல்லூரி வாசலில் கார் நின்றதும் வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்தார். அன்று மட்டும் எத்தனை நிமிடம் என்று சொல்லவில்லை.

லங்கா கல்யாணி என்ற சரக்குக் கப்பல் அகதிகளை ஏற்றிக் காங்கேசன்துறைக்குப் போனது; நாங்களும் அதில்தான் போனோம். சில மாதங்களில் பெரியப்பா திரும்பி வந்து காரைத் தேடினார். ஒரு மதிலோரம் நாலு செங்கட்டியின்மேல் நின்றது, சில்லுகள் இல்லை. 'சில்லு மாற்றக் கழற்றினவங்கள், பூட்ட மறந்திட்டாங்கள்' என்று சொல்லிவிட்டுப் பஞ்சிகாவத்தைக்கு நடந்தார். அங்கே நாலு சில்லு வாங்கினார். அவற்றில் இரண்டு தன்னுடையவைதான் என்று சாகும்வரை சத்தியம் செய்தார்.

தொண்ணூறுகளில் இந்த நாட்டில் ஒரு விநோதம் நடந்தது. மோட்டார்ப் பந்தயங்களை இராணுவமே நடத்தத் தொடங்கியது. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில், அநுராதபுரத்துப் பக்கம் கஜபா. வடக்கில் சண்டை, தெற்கில் அதே சீருடை கொடியசைத்துக் கார் விடுகிறது. வெள்ளவத்தைத் தமிழருக்கு அப்போது வீட்டை விட்டு வெளிக்கிட அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, காரணம் எல்லாம் வேண்டும். எழுபது தாண்டிய பெரியப்பா, 1946 இல் கொடுத்த படைவிடுப்புக் கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தியத்தலாவைக்குப் பஸ் ஏறினார். வழியில் ஒரு சோதனைச்சாவடி. இளம் சிப்பாய் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த ஆமி என்று கேட்டான். 'தோற்காத ஆமி' என்றார் பெரியப்பா சிங்களத்தில். பஸ்ஸில் இருந்த தமிழர் எல்லோரும் யன்னலால் வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். சிப்பாய் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த முறை எந்தக் கார் வெல்லும் என்று கேட்டான். பஸ் இருபது நிமிடம் தாமதம்; சீறிவரும் கார் எது, வளைவில் கவிழும் கார் எது என்று பெரியப்பா விளக்கி முடிக்க வேண்டுமே.

2011 டிசம்பரில் கொழும்புக் கோட்டைத் தெருக்களை மூடி, விளக்குப் போட்டு, இரவுப் பந்தயம் நடத்தினார்கள். பத்து வருடம் பொறுத்திருந்தால் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸிலேயே போய்ப் பார்த்திருக்கலாம். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். 'நல்ல காலம், அவர் இல்லை. கோட்டையில என்ன பழம் வாங்கிக்கொண்டு வந்து என்ன பொய் சொல்லியிருப்பாரோ' என்றார்.

இனித் தீர்ப்பு. போர்வீரர் என்ற பட்டத்தை நான் தள்ளுபடி செய்கிறேன்; அவரே கேட்காத பட்டம் அது. பந்தய விற்பன்னர் என்பதற்கு ஆதாரம் ஒரு டிராமும் ஒரு மாடும். அதையும் தள்ளுபடி செய்யலாம். குடும்பஸ்தர் என்பதைப் பெரியம்மாவிடம் விட்டேன். 'பொய்யெல்லாம் சொன்னவர்தான். ஆனா எந்தப் பொய்யும் விளக்கு வைக்கிற நேரத்தைத் தாண்டினதில்லை' என்றார். பட்டம் நிற்கிறது.

வெள்ளவத்தைப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் டிசம்பர் மாதத்தில் களுத்துறைப் பழம் என்று சொல்லி எதையாவது நீட்டினால் வாங்கி வையுங்கள். முதலில் சேட்டை மணந்து பாருங்கள். ஆமணக்கெண்ணெய் மணந்தால் சோற்றைப் போட்டு விடுங்கள்.